ஒரு சீர் குறையும் இடம்

ஜமுனாமரத்தூர் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். போளூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் இழுத்துக் கூவுவாரே, அந்த நிதானத்தில் சொல்ல வேண்டும். ஜமு, னா, மரத், தூர். இரண்டு குறில் ஒட்டிக்கொண்டு ஒரு தட்டு. ஒரு நெடில் தனியாக ஒரு தட்டு. திரும்பவும் இரண்டு குறில், கூடவே ஓர் ஒற்று. திரும்பவும் ஒரு நெடில். யாப்பு படித்தவர்கள் இதை நிரை நேர், நிரை நேர் என்று பிரிப்பார்கள். வாய்பாட்டில் சொன்னால் புளிமா, புளிமா. ஜகரத்தைச் சகரமாக்கிச் சொன்னாலும் தட்டு மாறாது.

ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் அப்புறம் இது விடாது. போளூர் தேமா. செங்கம் தேமா. அமிர்தி புளிமா. காவலூர் கூவிளம். பஸ் ஏறத் தொடங்கும் மலையடி கருவிளம். ஈரசைச் சீர்கள் நான்கும் ஜவ்வாது மலைக்குப் போகிற வழியிலேயே கிடைத்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் இந்த வாய்பாட்டை நாம் மனப்பாடம் செய்தோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். அது காதுக்கான பாடம் என்று எனக்குத் தெரிய வருவதற்குள் பாதி ஆயுள் போய்விட்டது.

இங்கே நான் பேசப்போவது ஒரே ஒரு பாட்டைப் பற்றி. குறுந்தொகையின் 40-ஆவது பாட்டு. ஐந்து அடி, பத்தொன்பது சீர். உன் பெற்றோரும் என் பெற்றோரும் உறவில்லை, நமக்குள்ளும் முன்பின் பழக்கமில்லை, ஆனாலும் செம்மண்ணில் விழுந்த மழையைப் போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று ஒருவன் தன் காதலியிடம் சொல்வது. பாடியவரின் பெயர் தெரியாமல் போனதால் அந்த உவமையையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கூட வாருங்கள்.

இந்தப் பாட்டை இந்த மலையில் வைத்துப் படிக்க எனக்குக் காரணங்கள் உண்டு. இது குறிஞ்சிப் பாட்டு; மலையில் நடக்கிற சந்திப்பு. இன்னொரு காரணம், குறுந்தொகை முதன்முதலில் அச்சேறிய கதை. 1915-இல் அதைப் பதிப்பித்தவர் திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கனார். வாணியம்பாடியில் தமிழாசிரியராக இருந்தவர். உ.வே. சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937-இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முந்தியது இது. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் என்று மேலே மேலே போனால் வந்து சேர்வது ஜமுனாமரத்தூர். ஓலையில் கிடந்த நானூறு சின்னப் பாட்டுகளைச் சொல் சொல்லாகப் பிரித்து, உரை எழுதி, அச்சுக்குக் கொடுத்த மனிதர் அண்ணாந்து பார்த்தால் தெரிந்த மலை இதுதான். மூன்றாவது காரணம் மலையின் சத்தம். அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன். முதலில் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

அசைக்கும் அடியில் இருக்கிற அளவு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை. ஒரு மாத்திரை எவ்வளவு நேரம்? இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்கிறார் தொல்காப்பியர். இரண்டையும் அவர் ஒன்றாக வைத்ததைப் பற்றி எனக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது. சந்தேகத்துக்கு விடை அமெரிக்காவிலிருந்து வந்தது. அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக் ஆய்வுக்கூடத்தில் விரல் நொடிப்பை அதிவேகக் கேமராவில் படம் பிடித்து, 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டைவிரலிலிருந்து வழுக்கிய நடுவிரல் உள்ளங்கையில் போய் விழ ஆகும் நேரம் சுமார் 7 மில்லி செகண்ட். கண் இமைக்கவோ 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆகிறது. இருபது மடங்குக்கும் அதிகமான வித்தியாசம்!

தொல்காப்பியர் தவறிவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நம் இலக்கண மரபு நொடிப்பை நான்கு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறது. நொடிக்க வேண்டும் என்று மனம் எண்ணுகிறபோதே கால் மாத்திரை ஆகிவிடுகிறது; விரலோடு விரலை வைத்து ஊன்றும்போது அரை; முறுக்கும்போது முக்கால்; விடும்போதுதான் ஒன்று நிறைகிறது. கேமரா அளந்தது கடைசிக் கூறின் வெடிப்பை மட்டும். இலக்கணக்காரர் அளந்தது எண்ணம் பிறந்ததிலிருந்து ஓசை பிறக்கும் வரைக்கும். ஆய்வுக்கூடமும் விரலின் வேகத்துக்குக் காரணம் அந்த முறுக்கில் சேமித்த விசையும், விரல் தோலின் உராய்வும் என்றுதான் கண்டிருக்கிறது. எண்ணத்தையும் காலக்கணக்கில் சேர்த்தவர்கள் நம்மவர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்ப்பாக இருக்கும்.

பாட்டை நிதானமாகச் சொல்லும்போது ஒரு மாத்திரைக்கு ஏறக்குறைய 0.2 செகண்ட் என்று வைத்துக்கொள்ளலாம். நம் பாட்டின் முதலடிக்கு 15 மாத்திரை. அப்படியானால் மூன்று செகண்ட். ஃபிரெடரிக் டர்னர் என்ற கவிஞரும் எர்ன்ஸ்ட் போப்பெல் என்ற மூளை ஆய்வாளரும் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலகத்தின் பல மொழிகளில் செய்யுளின் ஓர் அடி சொல்வதற்குச் சுமார் மூன்று செகண்ட்தான் எடுத்துக்கொள்கிறது, 'இப்போது' என்று மனம் ஒரே பிடியாகப் பிடிக்கிற நேரமும் அதுதான் என்பது அவர்கள் வாதம். எல்லா மொழிக்கும் இது பொருந்துமா என்று வாதாடலாம். நம் நாற்சீரடிக்குப் பொருந்துகிறது. அதை 'அளவடி' என்று அழைத்த முன்னோர் எதை அளந்தார்கள் என்று யோசிக்க வைக்கிறது.

இப்போது மலைக்கு வருவோம்.

சாமைக் கொல்லையின் இந்தக் கரையிலிருந்து எதிர்ச்சரிவில் இருப்பவரைக் கூப்பிடுகிறவர்களைக் கவனியுங்கள். 'அக்கா' என்று யாரும் கூப்பிடுவதில்லை; 'யக்கோஓஓவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 'மாமா' அங்கே 'மாமோஓஓய்' ஆகிறது. காரணம் காற்றில் இருக்கிறது. க, ச, ட, த, ப போன்ற வல்லெழுத்துகள் கணநேர அடைப்பும் வெடிப்பும்தான். அவற்றை அடையாளம் காட்டும் ஒலியில் உயர்ந்த அதிர்வெண்கள் அதிகம். காற்று அவற்றைத்தான் முதலில் தின்னும். உயிரொலிக்கு, அதிலும் நெடிலுக்கு, ஆற்றலும் அதிகம், நிற்கும் நேரமும் அதிகம். பள்ளத்தாக்கைத் தாண்டி அக்கரை சேர்வது அதுதான். நம் இலக்கணம் விளிவேற்றுமைக்குக் குறிலை நெடிலாக்கு, நெடிலை இன்னும் அளபெடுக்க வை என்று சொல்வதும் இதே அனுபவம்தான். மலைக்காரரிடம் கற்றுக்கொண்டு இலக்கணக்காரர் எழுதி வைத்தார் என்றே நான் நம்புகிறேன்.

இந்த மலைத் தொடருக்குச் சத்தத்தின் பெயரில் ஒரு பெரும்பாட்டே இருக்கிறது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடி. செங்கண்மா என்று அன்று பெயர் பெற்ற செங்கத்தை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. மலையை யானையாகவும், அதில் எழுகிற ஓசையெல்லாம் யானைக்கு ஒழுகும் மதமாகவும் கண்டதால் அந்தப் பெயர். ஜவ்வாது மலையில் பிறக்கும் சேயாறு அந்தப் பாட்டில் ஓடுகிறது. நன்னனின் நவிரமலை இன்றைய பர்வதமலைதான் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். பாட்டின் நடுவே புலவர் நின்று, மலையின் ஓசைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். அருவியாடும் பெண்களின் ஆரவாரம், தேன் எடுப்பவர்களின் கூச்சல், புலி கிழித்த கணவனின் புண் ஆறப் பாடும் மனைவியின் பாட்டு, குட்டி தவறி விழுந்த குரங்கின் அலறல், தினை குற்றும் உலக்கைப் பாட்டு, பன்றியை விரட்டும் பறை. இவற்றோடு மலை முழுக்கத் திரும்பி வரும் எதிரொலி. ஒரு காட்டின் ஒலிகளை இப்படிக் கணக்கெடுத்த வேறொரு பழம் பாட்டு எனக்குத் தெரியாது. இன்று காட்டில் மைக் கட்டி ஒலிப்பதிவு செய்து உயிரினங்களைக் கணக்கெடுக்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாட்டு அது.

அந்த நெடும்பாட்டும் நம் ஐந்தடிப் பாட்டும் ஒரே பாவகை. ஆசிரியப்பா. அதன் ஓசைக்கு அகவல் என்று பெயர். மயில் அகவும் என்கிறோமே, அந்த அகவல். கூப்பிடுதல், அழைத்தல் என்றே பொருள். நவிரம் என்ற சொல்லுக்கும் மயில் என்று ஒரு பொருள் உண்டு. சிலம்பு என்றால் மலை; சிலம்புதல் என்றால் எதிரொலித்தல். மலையையும் குரலையும் இந்த மொழி பிரித்தே வைக்கவில்லை.

குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். நடுச்சாமம், குளிர்காலம். பகலில் தரை சூடாக இருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. இரவில், அதுவும் குளிர்காலத்தில், பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று கீழே தங்கி, சூடான காற்று மேலே நிற்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து தரையோடு தவழும். பகலில் எட்டாத சத்தம் நள்ளிரவில் எட்டும். குறிஞ்சிப் பாட்டுகளில் காத்திருக்கும் பெண்ணுக்கு அவ்வளவு தூரத்துச் சத்தமெல்லாம் கேட்பது கற்பனைக்காக மட்டும் அல்ல.

இனி பாட்டுக்குள் நுழையலாம்.

முதலடியில் வல்லினம் ஒன்றே ஒன்று. அதுவும் இரண்டு உயிருக்கு நடுவே அகப்பட்டு மெலிந்துபோன ககரம். மற்றதெல்லாம் இடையினமும் மெல்லினமும். முதலிரு சீர்களும் முதல் எழுத்தில் மட்டும் மாறுகின்றன, மீதி அச்சடித்தாற்போல் ஒன்றே. உன் தாய், என் தாய் என்கிற இரண்டு பேரையும் சொல்லும் சீர்கள் அவை. யாரோ எவரோ என்று கேட்கிற அடியில், அந்த இருவரும் ஒலியில் மட்டும் உடன்பிறந்தவர்களைப் போல நிற்கிறார்கள். கேள்வி உறவை மறுக்கிறது. ஓசை அதற்குள்ளேயே உறவை ஒப்புக்கொண்டுவிடுகிறது.

ஒன்பது உயிரொலிகளில் ஐந்து நெடில். மலையில் கூப்பிடுகிற குரலுக்கு வேண்டியது அதுதானே?

இரண்டாம் அடி தந்தையருக்கு. இங்கே ஓசை சட்டென்று மாறுகிறது. முதலடியில் முதல் மூன்று சீரும் தேமா. இரண்டாம் அடியில் முதல் மூன்று சீரும் கூவிளம். தாயைச் சொன்ன தட்டு வேறு, தந்தையைச் சொன்ன தட்டு வேறு. நெடில் குறைந்து, இரட்டித்த ஒற்றுகள் வந்து, நடை கொஞ்சம் விறைக்கிறது. மூன்றாம் அடி நமக்கு, அதாவது அவனுக்கும் அவளுக்கும். அது முதலடியின் தேமா இரண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பின்னால் இரண்டாம் அடியின் கூவிளம் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. தாயின் தட்டும் தந்தையின் தட்டும் ஒரே அடியில் அடுத்தடுத்து விழுகின்றன. புலவர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று கேட்பீர்கள். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. பழகிய காது தானே செய்யும். நல்ல தவில்காரர் ஒவ்வொரு சொல்லையும் எண்ணியா வாசிக்கிறார்?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து அடிகளும் எந்தச் சீரில் முடிகின்றன? புளிமா, தேமா, புளிமா, தேமா, புளிமா. ஒன்றுவிட்டு ஒன்று. பத்தொன்பது சீரில் தேமா எட்டு, கூவிளம் ஏழு, புளிமா நான்கு. கருவிளம் இல்லை, மூவசைச் சீரும் இல்லை. நிரையில் தொடங்கும் சீர் நான்கு புளிமா மட்டுமே. அந்த நான்கில் மூன்று அடியின் கடைசியில் நிற்கின்றன. அடியின் நடுவில் வருவது ஒன்றே ஒன்று. அது எந்தச் சீர் என்று பார்த்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மழைநீரைச் சொல்லும் சீர் அது. பாட்டு முழுவதும் நேரசையில் கால் ஊன்றி நடந்து வந்த நடை, மழை விழுகிற இடத்தில் மட்டும் நடுவழியில் இரண்டு குறிலாகத் துள்ளுகிறது.

அந்த நாலாம் அடியில் பகரம் நான்கு முறை வருகிறது. உதடு மூடித் திறக்கும் எழுத்து. முந்தின அடிகளில் பகரம் ஒன்றுகூட இல்லை. மழைத்துளி என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் நான் என்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது வழக்கம். எழுத்துக்குத் தன்னளவில் பொருள் உண்டு என்று சொல்லத் தொடங்கினால் எதையும் சொல்லிவிடலாம். ஒலிக்கும் உருவத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வளைவான உருவம் ஒன்றும் கூர்முனை உருவம் ஒன்றும் காட்டி, இதில் எது 'பூபா', எது 'கிகி' என்று கேட்டார்கள் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும். அமெரிக்க மாணவர்களும் இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள் என்று 2001-இல் எழுதினார்கள். ஒலிக்குச் சாயல் உண்டு, அவ்வளவுதான். அந்தச் சாயலைத் துளியாக்குவது பொருள். மழை என்று சொல்லாமல் பகரத்தை நான்குமுறை உச்சரித்தால் மழை வராது. சொல்லிவிட்டால் வருகிறது.

ஐந்தாம் அடியைப் பற்றி மட்டும் எனக்கு இந்தத் தயக்கம் இல்லை. நெஞ்சங்கள் கலந்தன என்று சொல்லும் அடி அது. அதில் வல்லின எழுத்து ஆறு. ஆறில் ஐந்துக்கு முன்னால் ஒரு மெல்லின ஒற்று வந்து நிற்கிறது. ன்ப, ஞ்ச, ந்த, ங்க, மறுபடியும் ந்த. மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் தமிழில் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும் என்பது நாம் எல்லோரும் அறியாமலே செய்வது. 'பல்' என்பதில் உள்ள பகரமும் 'அம்பு' என்பதில் உள்ள பகரமும் ஒன்றல்ல. தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதில் அதிர்வு தெரியும். பக்கத்தில் நிற்பதன் அதிர்வை அது வாங்கிக்கொள்கிறது. முதலடியிலும் மூன்றாம் அடியிலும் இப்படி ஓர் இணை கூட இல்லை. இரண்டாம் அடியில் இரண்டு, நாலாம் அடியில் ஒன்று. கடைசி அடியில் ஐந்து. கலந்தன என்று சொல்லும் அடியில் எழுத்துகளே ஒன்றின் குணத்தை இன்னொன்று வாங்கிக்கொள்கின்றன.

செய்யுளின் ஓசை நிறங்களை வண்ணம் என்று சொல்லி, வல்லிசை, மெல்லிசை, இயைபு, நெடுஞ்சீர், குறுஞ்சீர், உருட்டு, முடுகு என்று இருபது வகையாகப் பெயரிட்டு வைத்தவர் தொல்காப்பியர். இருபது பெயர்! நாமோ இன்று 'சந்தம் நன்றாக இருக்கிறது' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறோம்.

செம்மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடு. 2 மைக்ரானும் அதற்குக் குறைவுமான களித்துகள்கள் மேல் அது பூச்சாகப் படிந்திருக்கிறது. நீரில் கலந்த அப்படிப்பட்ட ஒரு துகள், நீர் அசையாமல் இருந்தால்கூட, ஒரு சாண் ஆழம் இறங்க அரை நாளுக்கு மேல் ஆகும். அதைவிடச் சிறிய துகளுக்கு நாள்கணக்கு. ஓடுகிற நீரில் இறங்கவே இறங்காது. மணலில் பெய்த மழையைச் சொல்லியிருக்கலாம், அது உள்ளே போய் மறைந்துவிடும். பாறையில் பெய்ததைச் சொல்லியிருக்கலாம், அது தெளிவாகவே ஓடிவிடும். புலவர் பார்த்தது எதுவும் பிரிக்க முடியாத நீர். மழைக்குப் பிறகு மலைப்பாதையோரம் ஓடும் செந்நீரை ஒரு டம்ளரில் பிடித்துச் சன்னலோரம் வைத்துப் பாருங்கள், மறுநாள் காலையிலும் அது நிறம் விட்டிருக்காது.

இனி இந்தப் பாட்டில் எனக்கு மிகப் பிடித்த இடம். நாலாம் அடியில் நான்கு சீர் இல்லை. மூன்றுதான்.

இது இந்தப் பாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடி மூன்று சீராக வரும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. பிற்காலத்தார் அதை நேரிசை ஆசிரியப்பா என்றார்கள். குறுந்தொகையின் பெரும்பாலான பாட்டுகள் அப்படித்தான். தேர்வில் எழுதுவதற்கு ஒரு விதி. ஆனால் அந்தக் குறைந்த அடியில் எதை வைப்பது என்பதை விதி சொல்லவில்லை. இந்தப் புலவர் உவமையை வைத்தார். செம்மண், மழைநீர், உவமை உருபு, மூன்றே சீர், முடிந்தது. நாலாவது சீர் விழ வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

மூன்று அடிகளாக நான்கு நான்கு தட்டுக்குப் பழகிய காது அங்கே கால் தவறுகிறது. படி இருக்கும் என்று இருட்டில் கால் வைத்து, படி இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி. கணக்கில் சொன்னால் முதலடி 15 மாத்திரை, நாலாம் அடி பதினொன்றரை. மூன்றரை மாத்திரை குறைகிறது. நம் வேகத்தில் 0.7 செகண்ட். அந்த நேரத்துக்கு மழை விழுந்துகொண்டே இருக்கிறது. மண்ணில் இறங்குகிறது. அதன் பிறகுதான் கலந்த செய்தி வருகிறது, முழு நான்கு சீரோடு, கடைசியில் நீண்டு நிற்கும் ஓர் ஏகாரத்தோடு.

கிரேக்கத்தில் சாப்போவின் பெயரால் வழங்கும் செய்யுள் வகையிலும் ஒரு குறள் அடி உண்டு. பதினோரு அசை கொண்ட மூன்று அடிகளுக்குப் பின் ஐந்தே அசையில் நாலாவது. ஆனால் அங்கே குறைந்த அடி இறுதியில் வருகிறது. பாட்டு அதோடு கதவைச் சாத்திவிடுகிறது. நம் முறை வேறு. குறையும் அடி ஈற்றயலில். மூச்சை உள்ளே இழுக்க ஓர் இடம் விட்டு, இழுத்த மூச்சில் கடைசி அடியைச் சொல்ல வைக்கிறது. இது அழகானது என்று எனக்குப் படுகிறது. தமிழன் என்பதால் மட்டும் சொல்லவில்லை.

இந்த 0.7 செகண்ட் எனக்கு ஒரு யோசனையைக் கொடுத்தது. ஒலி ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். 0.7 செகண்டில் போய்த் திரும்ப வேண்டுமானால் பாறை 120 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் நின்று பாட்டைச் சொன்னால், சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரொலி என் குரலிலேயே மறைந்துவிடும். நான் நிறுத்துகிற இடத்தில் மட்டும் கேட்கும். நாலாவது சீர் இல்லாத இடத்தில், மூன்றாவது சீரை மலை சொல்ல வேண்டும்.

ஜமுனாமரத்தூரிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு செங்குத்தான பாறை முகத்துக்கு எதிரே, நூற்றறுபது தப்படி எண்ணிப் பின்னால் போய் நின்றேன். மாலை வெயில் இறங்கி, காற்றும் ஓய்ந்திருந்தது. முதல் தடவை வேகமாகச் சொல்லிவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை நிதானமாக, ஒவ்வொரு நெடிலுக்கும் இரண்டு மாத்திரை கொடுத்து. நாலாம் அடி முடிந்தது. உவமை உருபின் நெடில் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. அதன் பகரத்தைக் காற்று தின்றுவிட்டிருந்தது.

சரிவின் கீழே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பையன் ஒருவன் நின்று, "யாரைக் கூப்புடுறீங்க?" என்று கேட்டான். யாரையும் இல்லை தம்பி, ஒரு பாட்டு என்றேன். அவனும் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றான். அடி அடியாகச் சொல்லிக் கொடுத்தேன். சீர் என்றும் மாத்திரை என்றும் எதுவும் சொல்லவில்லை. அவன் பாறையைப் பார்த்துக்கொண்டு, அக்கரையில் இருக்கிற யாரையோ கூப்பிடுகிற குரலில் சொன்னான். நாலாம் அடி முடிந்ததும் நான் சொல்லாமலே நிறுத்தினான்.

மலை பேசிக்கொண்டிருந்தது.